திரைக்கும் கணக்குக்கும் நடுவில்: கடைக்கு மென்பொருள் எழுதும் பிள்ளைகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில் கெலிஓயா டவுனில் இறங்கினால் இருபுறமும் நெருக்கமாகக் கடைகள். நகைக்கடை, ஹாட்வெயார், பாமசி, துணிக்கடை, கல்யாண அட்டை அடிக்கும் அச்சகம், காணி வாங்கி விற்கிறவர். அநேகமாக எல்லா மேசையிலும் ஒரு கணினி இருக்கிறது. அதில் ஓடும் புரோகிராமைப் பல இடங்களில் எழுதிக் கொடுத்தது பெரிய கொம்பனி அல்ல. கடைக்காரரின் மகனோ மருமகளோ, பேராதனையிலோ கண்டியிலோ படித்துவிட்டு வந்து, வீட்டுக்காக எழுதியது. அப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு மாலை நேரத்தில் நான் சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில்தான் தடுக்கிவிழுகிறார்கள்: இருவழித் தரவுப் பிணைப்பிலும், அதன் நடுவில் நிற்கும் மதிப்பு மாற்றியிலும்.

விஷயம் இதுதான். திரையில் ஒரு பெட்டி. கணினியின் நினைவில் ஒரு எண். பெட்டியில் அடித்தால் எண் மாற வேண்டும், எண் மாறினால் பெட்டியும் மாற வேண்டும். இது இருவழிப் பிணைப்பு. பெட்டியில் பவுன், நினைவில் கிராம் என்றால் நடுவில் ஒருவர் பேசிவைக்க வேண்டும். அவர்தான் மாற்றி. கச்சேரிக்குப் போகும்போது சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அந்த வேலை. நாம் சொன்னதை அங்கே சரியாகச் சொன்னால் மட்டும் போதாது. அங்கே சொன்னதை நம்மிடம் சரியாகக் கொண்டுவரவும் வேண்டும். பிள்ளைகள் போகும் வழியை நன்றாக எழுதுகிறார்கள். திரும்பி வரும் வழியைத்தான் அவசரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

மைக்ரோசொஃப்ட் 2006 நவம்பரில் டொட்நெட் 3.0 உடன் வெளியிட்ட டபிள்யூ.பி.எஃப்.-இல் மாற்றிக்கு இரண்டு கதவுகள் உண்டு. நினைவிலிருந்து திரைக்குப் போவது கன்வெர்ட். திரையிலிருந்து நினைவுக்கு வருவது கன்வெர்ட்பேக். ஆப்பிள் இதே ஏற்பாட்டை 2003இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3இல் கொக்கோ பைண்டிங்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு மாற்றியும் தன்னால் திரும்பி வர முடியுமா முடியாதா என்று தானே சொல்ல வேண்டும். நல்ல வழக்கம் அது. பழைய விண்டோஸ் ஃபோர்ம்ஸில் ஃபோர்மட், பார்ஸ் என்ற இரண்டு நிகழ்வுகள் இதே வேலையைச் செய்தன. ஜாவாஎஃப்எக்ஸிலும் எழுத்து மாற்றி ஒன்று இருக்கிறது. கீழே உள்ளவை டபிள்யூ.பி.எஃப்.-ஐ வைத்துச் சொன்னவை. மற்றவற்றில் எழுதுகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. சேமிப்பது ஒரே அலகில் இருக்கட்டும். நகைக்கடையில் 1 பவுன் என்றால் 8 கிராம். நினைவில் கிராமை மட்டும் வையுங்கள். திரையில் கிராம் பெட்டி, பவுன் பெட்டி இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் அந்த ஒரே கிராம் எண்ணில் பிணையுங்கள். பவுன் பெட்டிக்கு மட்டும் மாற்றி போடுங்கள். பவுனில் 2.5 அடித்தால் பக்கத்தில் 20 கிராம் தானாக வரும். இரண்டையும் தனித்தனியாகச் சேமித்தால் ஒருநாள் ஒன்று மாறும், மற்றது மாறாது. எது சரி என்று கேட்க அப்போது யாரும் இருக்கமாட்டார்கள்.

2. ரூபாய்க்கும் கிராமுக்கும் டெசிமல் வகையையே பயன்படுத்துங்கள். டபுள் வகையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது.

3. எல்லாவற்றையும் இருவழியாக்காதீர்கள். டெக்ஸ்ட் பொக்ஸில் எழுத்தைப் பிணைத்தால், நீங்கள் சொல்லாவிட்டாலும் டபிள்யூ.பி.எஃப். அதை இருவழியாகத்தான் எடுத்துக்கொள்ளும். பில்லின் மொத்தத் தொகை, வாடிக்கையாளரின் வயது, மீதி இருப்பு ஆகியவை கணக்குப் போட்டு வருபவை. யாரும் அடித்து மாற்ற வேண்டியவை அல்ல. அவற்றை டெக்ஸ்ட் புளொக்கில் காட்டுங்கள், அல்லது பிணைப்பை ஒருவழி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். படிக்க மட்டுமான ஒரு பண்பை இருவழியில் பிணைத்தால் புரோகிராம் ஓடும்போதே நின்றுவிடும். அப்படி நின்றால் நல்லது, பிழை கண்ணுக்குத் தெரிகிறது. நிற்காமல் ஓடி, தவறான எண்ணைச் சேமிப்பதுதான் ஆபத்து.

4. அடையாள அட்டை எண்ணிலிருந்து பிறந்த திகதியை எடுக்கும் மாற்றி. தவணைக்குச் சாமான் கொடுக்கும் கடைகளில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்: எண்ணை அடித்தவுடன் பிறந்த திகதி தானாக வரவேண்டும். இலங்கை முழுவதும் இந்த மாற்றியைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள், பலர் ஒரு நாள் பிழையாக எழுதுகிறார்கள்.

பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். 2016 ஜனவரி 1 முதல் ஆட்பதிவுத் திணைக்களம் 12 இலக்க எண் கொடுக்கிறது. இரண்டிலும் முதலில் பிறந்த வருடம், பழையதில் 2 இலக்கம், புதியதில் 4. அடுத்த 3 இலக்கம், பிறந்தது அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்பிள்ளை என்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம். இந்த எண்ணில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். லீப் வருடமா இல்லையா என்று பார்ப்பதில்லை. 1985 மார்ச் 1இல் பிறந்த ஆணின் எண்ணில் 061 என்று இருக்கும். ஆனால் 1985 லீப் வருடம் அல்ல. நாட்காட்டியைப் பார்த்து எண்ணினால் மார்ச் 1 அறுபதாவது நாள். பிள்ளைகள் டொட்நெட்டிடம் 1985இன் 61ஆவது நாளைக் கேட்கிறார்கள். அது மார்ச் 2 என்கிறது. டொட்நெட் சரியாகத்தான் சொல்கிறது. கேட்ட கேள்விதான் பிழை. சோதித்துப் பார்த்த பிள்ளை 1984இலோ 1992இலோ பிறந்தவராக இருந்தால் எல்லாம் சரியாக வந்திருக்கும், ஏனென்றால் அவை லீப் வருடங்கள்.

செய்ய வேண்டியது: 31, 29, 31, 30 என்று பெப்ரவரிக்கு 29 போட்ட ஓர் அட்டவணையை மாற்றிக்குள் வையுங்கள். 500க்கு மேல் இருந்தால் 500ஐக் கழியுங்கள். மாதத்தையும் நாளையும் அட்டவணையிலிருந்து எடுத்து, பிறகு வருடத்தோடு சேருங்கள். லீப் அல்லாத வருடத்துக்கு 060 வந்தால் எண் பிழை என்று திரையில் சொல்லுங்கள்.

திரும்பி வரும் வழி இதற்கு இல்லை. பிறந்த திகதியைத் தெரிந்துகொண்டு எண்ணைக் கட்ட முடியாது. எண்ணுக்குள் தொடர் இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும் இருக்கின்றன, அவை திகதியில் இல்லை. ஆகவே இது ஒருவழிப் பிணைப்பு. கன்வெர்ட்பேக்கில் எதையாவது எழுதி ஒப்பேற்ற வேண்டாம். எதுவும் செய்யாதே என்று சொல்லும் பைண்டிங்.டூநத்திங்கைத் திருப்பிக் கொடுங்கள்.

5. பழைய எண்ணைப் புதிய வடிவில் காட்டலாம். அழித்துவிட்டுச் சேமிக்கக் கூடாது. மாற்றுவது சுலபம்: முன்னால் 19, நாளின் மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். விட்டுவிட்ட அந்த எழுத்து வீயா எக்ஸா என்று புதிய எண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அநேகமாக வீதான் இருக்கும் என்று நினைத்து எழுதினால் சிலருடைய எண் பிழையாகிவிடும். அட்டையில் அச்சிட்டது எப்படியோ அப்படியே சேமியுங்கள். புதிய வடிவம் திரைக்கு மட்டும்.

எண் என்ற பெயர் இருப்பதால் அதை இன்டிஜர் ஆக்க வேண்டாம், எழுத்துத் தொடராகவே இருக்கட்டும். பழைய 9 இலக்கம் சாதாரண இன்டிஜரில் அடங்கும். 12 இலக்கம் அடங்காது. இத்தனை நாள் ஓடிய புரோகிராம், புதிய அட்டையோடு ஒரு பிள்ளை கடைக்கு வந்த அன்று நின்றுவிடும். தொலைபேசி எண்ணும் அப்படித்தான். எண்ணாகச் சேமித்தால் கண்டியின் 081இல் முன்னால் இருக்கும் பூச்சியம் போய்விடும்.

6. காணி அளவு: முழுமையாக்கியதைத் திருப்பி எழுதவிடாதீர்கள். இங்கே காணி பேர்ச்சஸ் கணக்கு. 40 பேர்ச்சஸ் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர். ஆக ஏக்கருக்கு 160. ஒரு பேர்ச் ஏறக்குறைய 25.29 சதுர மீற்றர். நில அளவைப் படம் மீற்றரில் வருகிறது, வாங்குகிறவர் பேர்ச்சஸில் கேட்கிறார். ஆகவே மாற்றி வேண்டும்.

ஒரு பிள்ளை எழுதியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நினைவில் 12.5 பேர்ச்சஸ். திரையில் சதுர மீற்றர், அழகாக இருக்கட்டும் என்று தசமம் இல்லாமல்: 316. உண்மையான அளவு 316.16. அந்தப் பெட்டியில் கை பட்டு 6 அழிந்தது, அவரே திரும்ப 6 அடித்தார். திரையில் அதே 316. நினைவில் 12.49 பேர்ச்சஸ். யாரும் ஒன்றையும் மாற்றவில்லை, காணி குறைந்துவிட்டது. இந்தப் பகுதியில் ஒரு வேலி சில அங்குலம் நகர்ந்தால் எத்தனை வருடம் வழக்கு நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இதற்கு இரண்டு வழிகள். பார்ப்பதற்கு மட்டும் முழுமையாக்கிய எண்ணை ஒருவழியில் காட்டி, அடிப்பதற்கு முழுத் தசமத்தோடு வேறு பெட்டி வைக்கலாம். அல்லது கன்வெர்ட்பேக்கைக் கூப்பிடும் முன், திரையில் இருக்கும் எழுத்து கடைசியாக நாம் காட்டிய எழுத்துத்தானா என்று பார்க்கலாம். அதே எழுத்து என்றால் நினைவில் இருப்பதைத் தொடக்கூடாது. எனக்குப் பிடித்தது முதல் வழி.

7. புள்ளி காணாமல் போனால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு எழுத்து அடித்தவுடனும் நினைவில் எழுது என்று பிணைப்பில் சொல்லியிருப்பீர்கள். 12க்குப் பிறகு புள்ளி வைத்தவுடன் மாற்றி அதை 12 என்று படித்து, 12 என்றே திருப்பிக் காட்டும், புள்ளி மறையும். டொட்நெட் 4.5 முதல் இந்தத் தொல்லை. பெட்டியை விட்டு நகரும்போது மட்டும் எழுது என்று மாற்றுங்கள். டெக்ஸ்ட் பொக்ஸின் இயல்பான வழக்கமே அதுதான்.

8. ஆனால் அப்படி மாற்றினால் கடைசிப் பெட்டியைக் கவனியுங்கள். கடைக்காரர் விலையை அடித்துவிட்டு, மவுஸைத் தொடாமல் கீபோர்ட்டிலேயே சேமிக்கும் விசையை அழுத்துவார். கை வேகம். அவர் இன்னும் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. ஆகவே கடைசி விலை நினைவுக்குப் போகவில்லை. பழைய விலை சேமிக்கப்பட்டுவிட்டது. மேலே உள்ள டூல்பாரில் சேமி பொத்தானை அழுத்தினாலும் இதே கதை நடக்கலாம். சேமிக்கும் கட்டளையின் முதல் வேலையாக, இப்போது கேர்சர் நிற்கும் பெட்டியின் பிணைப்பைப் பிடித்து அப்டேட்சோர்ஸ் என்று சொல்லுங்கள். இரண்டு வரி. இதை எழுதாததால் ஒரு கடையில் ஒரு மாதம் கணக்கு ஒத்துவராமல் அப்பாவும் மகனும் பேசாமல் இருந்ததை நான் அறிவேன்.

9. திகதி: ஏப்ரல் 5ஐ வைத்துச் சோதியுங்கள். விண்டோஸில் நாட்டை இலங்கை என்று வைத்திருப்பீர்கள். கீழே மூலையில் திகதி சரியாகத் தெரியும். ஆனால் டபிள்யூ.பி.எஃப். பிணைப்பு அதைப் பார்ப்பதில்லை. நீங்கள் வேறு சொல்லாதவரை அது அமெரிக்க வழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்: மாதம் முதலில், நாள் பிறகு.

புத்தாண்டு வியாபாரத்தில் இது வெளிப்படும். 13/04 என்று அடித்தால் 13ஆவது மாதம் இல்லை என்பதால் பெட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழும். எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 05/04 என்று அடித்தால் கோடு விழாது. மே 4 என்று பேசாமல் எழுதிவிடும். கடனைத் திருப்ப வேண்டிய நாள் ஒரு மாதம் தள்ளிப்போகும். மாதத்தின் முதல் 12 நாட்களில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும், பிற்பாதியில் வெளியே வரும். ஆகவே 13ஐ வைத்துச் சோதித்துவிட்டுச் சரிசெய்தோம் என்று நினைத்தால் போதாது.

புரோகிராம் தொடங்கும் இடத்தில், எல்லா உறுப்புக்கும் பொதுவான லாங்குவேஜ் பண்பை நடப்பில் உள்ள நாட்டு வழக்கத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நீங்களே எழுதும் மாற்றிக்குள் கல்ச்சர் என்று ஓர் அளவுரு வந்துசேரும், அதைப் பயன்படுத்துங்கள். பலர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

10. வெறும் பெட்டி பூச்சியம் அல்ல. விலை இன்னும் தெரியவில்லை என்பது வேறு, விலை 0 என்பது வேறு. பாமசியில் இது விளையாட்டல்ல. நினைவில் நல் அனுமதிக்கும் வகையை வையுங்கள். டார்கெட்நல்வேல்யூ என்று ஒன்று இருக்கிறது, நல் என்றால் திரையில் என்ன காட்ட வேண்டும் என்று அதில் சொல்லலாம். கன்வெர்ட்பேக்குக்குப் புரியாத எழுத்து வந்தால் 0ஐத் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அன்செட்வேல்யூவைக் கொடுங்கள், மதிப்பு கிடைக்கவில்லை என்று பிணைப்புக்குத் தெரியும். மாற்றிக்குள்ளிருந்து எக்செப்ஷன் எறிந்தால், இயல்பாக அதைப் பிணைப்பு தாங்கிக்கொள்ளாது, புரோகிராமே விழுந்துவிடும்.

11. ஹிஜ்ரி திகதி காட்டுகிறவர்களுக்கு. கெலிஓயாவைச் சுற்றிப் பள்ளிவாசல் நாட்காட்டியும் மத்ரசா வரவுப் பதிவும் கணினியில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டு வரும் ஹிஜ்ரித் திகதியும், பிறை பார்த்து அறிவிக்கும் திகதியும் ஒருநாள் வித்தியாசப்படலாம். நம் நாட்டில் தீர்மானம் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறைக்குழு கூடி அறிவிப்பது. கணினியின் கணக்கு அதை முந்தக் கூடாது. டொட்நெட்டின் ஹிஜ்ரிகேலண்டரில் ஹிஜ்ரிஅட்ஜஸ்ட்மென்ட் என்று ஒரு பண்பு இருக்கிறது: -2 முதல் 2 வரை நாட்களைக் கூட்டலாம் குறைக்கலாம். மாற்றிக்குள் ஓர் எண்ணைப் பதித்துவிடாமல், நிர்வாகி மாற்றக்கூடிய இடத்தில் அதை வையுங்கள். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே சரிக்கட்டல் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் திகதி ஒருநாள் நகரும்.

12. பாமினியும் யூனிகோடும். எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலங்கையில் தமிழ் அச்சு வேலைக்குப் பழகிய கைகள் பாமினி எழுத்துருவில் பழகியவை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் போட்டது. உள்ளே ஆங்கில எழுத்து, பார்வைக்குத் தமிழ். நம் ஊர்ப் பெயரையே எடுங்கள். கெலிஓயா என்று பாமினியில் அடிக்க என், எஃப், வை, பி, பெரிய எக்ஸ், ஏ, எச் என்று ஏழு விசைகள். முதல் விசை ஒற்றைக் கொம்பு, இரண்டாவது க. கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முன்னால். யூனிகோடிலும் அந்தப் பெயருக்கு ஏழு குறியீடுகள்தான், ஆனால் க முதலில், கொம்பு பிறகு, உச்சரிக்கும் வரிசை. ஆகவே மாற்றி எழுத்துக்கு எழுத்து மாற்றிக்கொண்டே போனால் போதாது. கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த மெய் வந்ததும் அதற்குப் பின்னால் வைக்க வேண்டும். கொழும்பில் வரும் கொ இன்னும் ஒரு படி: பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று, யூனிகோடில் க, ஒகரக் குறி என்று இரண்டு. திரும்பும்போது அந்த ஒன்றைப் பிரித்து, மெய்க்கு இருபுறமும் வைக்க வேண்டும்.

இதுவரை பொறுமை இருந்தால் செய்துவிடலாம். சிக்கல் ஔகாரத்தில். பாமினியில் கௌ அடிக்கக் கொம்பு, க, பிறகு ளகரம். ஔகாரக் குறியின் பின்பாதி பார்வைக்கு ள போலவே இருப்பதால் அந்த ள விசையையே பயன்படுத்திக்கொண்டார்கள். அச்சில் குறை தெரியாது. ஆனால் மாற்றிக்கு வந்து சேர்வது கொம்பு, க, ள. அது கௌவா, கெளவா? மாற்றி கெள என்று எழுதிவிடுகிறது. இணையத்திலும் பத்திரிகைகளிலும் கெளரவம், மெளனம், பெளர்ணமி என்று பார்க்கிறீர்களே, அவற்றில் பல இந்த வழியாக வந்தவை. பள்ளிவாசல் அறிவித்தலில் மெளலவி. பாடசாலைப் பதிவில் கெளரி. பாடப்புத்தகப் பட்டியலில் ஒளவையார். கண்ணால் பார்த்தால் சரிபோலத் தெரியும். தேடினால் கிடைக்காது. கௌரி என்ற பிள்ளையின் பெயர் பதிவில் இருக்கும், தேடுகிறவர் சரியாக அடிப்பார், அப்படி ஒருவர் இல்லை என்று திரை சொல்லும். ஒரு பிள்ளையின் பெயரை நாமே தொலைத்துவிட்டு அந்தப் பிள்ளை இல்லை என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

வழி உண்டு. கொம்பும் மெய்யும் வந்து, அடுத்து ளகரம் வந்தால், அந்த ளகரத்துக்குப் பின் என்ன வருகிறது என்று ஓர் எழுத்து எட்டிப் பாருங்கள். புள்ளியோ, கால், விசிறி போன்ற உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையான ள: வெள்ளி, தெளிவு, கெளிறு. ஒன்றும் வராமல் வேறு மெய்யோ, அடுத்த மெய்க்கு முன்னால் அடிக்கும் கொம்போ ஐகாரக் குறியோ, இடைவெளியோ வந்தால் அது ஔகாரத்தின் பாதி: கௌரி, மௌலவி, சௌந்தரம். ஒகரத்துக்குப் பின்னும் இதே சட்டம்: ஒளி ஒளியாகவே இருக்கும், ஔவை ஔவையாக மாறும். நான் சோதித்த சொற்களில் இது தவறவில்லை. விதிவிலக்கு வந்தால் சேர்க்க ஒரு சிறு பட்டியலுக்கு இடம் வையுங்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகும் என் ஆலோசனை: திரையில் இதை இருவழியாகப் பிணைக்காதீர்கள். நினைவிலும் தரவுத்தளத்திலும் யூனிகோட் மட்டும். அடிக்கிறவருக்குப் பாமினி விசைப் பழக்கம் வேண்டுமென்றால் இகலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவை பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட் அடித்துக் கொடுக்கும். கை மாற வேண்டியதில்லை. அச்சகத்து மென்பொருள் பாமினி கேட்டால், அச்சுக்குப் போகும் கடைசி நிமிடத்தில் ஒருவழியாக மாற்றிக் கொடுங்கள். பழைய கோப்புகளை ஒரே தடவை உள்ளே கொண்டுவந்து, பெயர்களை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சரி சொன்ன பிறகு பழைய வடிவத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

13. யூனிகோடுக்குள்ளும் ஒரு இரட்டை வேடம். கொ என்பதை க, ஒகரக் குறி என்றும் எழுதலாம். க, எகரக் குறி, கால் என்றும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலத்தான். கன்வெர்ட்பேக்கின் கடைசி வரியில் நோர்மலைஸ் செய்து ஃபோர்ம் சி வடிவில் சேமியுங்கள், இவை இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் மேலே சொன்ன ளகரப் பிழையை இது திருத்தாது. யூனிகோடில் ஔகாரத்தின் பின்பாதிக்கு வேறு குறியீடு இருக்கிறது, ளகரம் அதுவல்ல.

14. மாற்றிக்குள் தரவுத்தளத்தைத் தொடாதீர்கள். பட்டியலை உருட்டும்போது அது எத்தனை தடவை கூப்பிடப்படும் என்று உங்களுக்குத் தெரியாது.

15. நினைவில் எண் மாறியும் திரை மாறவில்லை என்றால் முதலில் அறிவிப்பைப் பாருங்கள். ஐநோட்டிஃபைப்ரொப்பர்ட்டிசேஞ்ச்ட் எழுதியிருக்க வேண்டும். பண்பின் பெயரைக் கையால் அடித்திருந்தால் ஓர் எழுத்துப் பிழை போதும், சத்தமில்லாமல் நின்றுவிடும். நேம்ஆஃப் பயன்படுத்துங்கள். பிணைப்புப் பிழைகள் விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் சாளரத்தில்தான் விழும். அதை மூடிவைத்துக்கொண்டு தேடாதீர்கள்.

16. கொடுக்கும் முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: 2.5 பவுன், 12.5 பேர்ச்சஸ், 05/04, 13/04, வெறும் விலை, பூச்சிய விலை, கௌரி, வெள்ளி, கொழும்பு, கெலிஓயா. ஒவ்வொன்றையும் அடித்து, சேமித்து, புரோகிராமை மூடி, திரும்பத் திறந்து பாருங்கள். பிறகு பெட்டிக்குள் போய் ஓர் எழுத்தை அழித்து அதையே திரும்ப அடித்து, இன்னொரு தடவை சேமியுங்கள். அடித்தது எதுவோ அதுவே திரும்பி வரவேண்டும். வராத பெட்டியை அன்றைக்கே ஒருவழியாக்குங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது திருத்தலாம்.

அடையாள அட்டை மாற்றிக்கு, உங்கள் வீட்டில் லீப் அல்லாத வருடத்தில் மார்ச் முதல் டிசம்பருக்குள் பிறந்த ஒருவரிடம் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். எண்ணை அடித்து, வரும் திகதியை அட்டையில் உள்ள திகதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் அந்த எண்ணைக் கணினியிலிருந்து அழித்துவிட்டு, அட்டையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.